தொட்டுணரும் கலை

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்னும் ஐம்பொறிகளை நீங்கள் இளமையிலேயே பயின்றிருப்பீர்கள். இவற்றோடு, உடல் சாயாமல் நிற்கத் துணைபுரியும் சமநிலை உணர்வும், கைகால்கள் இருக்கும் நிலையைப் பாராமலே அறிவிக்கும் தசை மூட்டுகளின் உணர்வும் உண்டு என்பர் அறிவியலார். இவ்வுணர்வுகள் எல்லாரிடமும் ஒரே அளவினவாய் அமைவதில்லை. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலரிடம் இவ்வேறுபாடு மிகுந்து காணப்படும்.

ஆட்டிசம் தொற்றிக்கொள்ளும் பிணியன்று. மூளை வளரும் முறையில் அமைந்த வேறுபாடு. 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இதனை உலகறியச் செய்தது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேடு, புலனுணர்வின் மிகுதியையும் குறைவையும் இதன் அடையாளங்களுள் சேர்த்தது.

ஒரு குழந்தைக்குப் பள்ளி மணியோசை இடியென ஒலிக்கும். விரலில் ஒட்டிய பசை முள்ளாய் உறுத்தும். மற்றொரு குழந்தையோ மெல்லிய தொடுகையை உணராது, சுவரை உரசியும் துணியை இறுகப் பற்றியும் உணர்வைத் தேடும். இதனைப் பிடிவாதம் என்று கடிதல் முறையாகாது.

இங்கேதான் கலை துணைக்கு வருகிறது. பேச்சு வாராத குழந்தையும் வண்ணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வேண்டியபோது தொடங்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். களிமண்ணைப் பிசையுங்கால் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் நல்ல அழுத்தம் கிடைக்கிறது. அது சில குழந்தைகளை அமைதியுறச் செய்யும். தட்டில் பரப்பிய அரிசிமாவில் விரலால் கோடிழுக்கலாம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்தால் பூவடிவம் தோன்றும், விரலும் அழுக்காகாது. மைதாக் கூழை ஆறவைத்து மஞ்சளோ பீட்ரூட் சாறோ கலந்தால் விரலோவியத்திற்குரிய வண்ணம் ஆயிற்று. பசையைத் தொட அஞ்சும் குழந்தைக்கு, அதனைப் பாலித்தீன் பையில் இட்டு வாயை நன்கு ஒட்டிக் கொடுத்தால், வெளியிலிருந்தே அழுத்தி மகிழும்.

எங்கள் பள்ளியில் ஒரு சிறுவன் களிமண்ணைக் கண்டாலே எழுந்து சென்றுவிடுவான். அவன் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தோம். குச்சியால் குத்தினான், கோடு கிழித்தான். வாரங்கள் பல சென்றபின் ஒருநாள், குச்சியைக் கீழே வைத்து ஒரு விரலால் மண்ணைத் தொட்டான். உடனே கையைக் கழுவிக்கொண்டான். அதற்குமேல் நாங்கள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இம்முயற்சியில் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. குழந்தையின் கையைப் பற்றி இழுத்துத் தோய்த்தல் கூடாது. அருகில் நீரும் துண்டும் இருத்தல் வேண்டும். எதையும் வாயிலிடும் குழந்தையிடம் மணிகளும் விதைகளும் தரலாகாது. ஓசையும் ஒளியும் குறைந்த மூலையொன்று வேண்டும். வரைந்த படம் அழகாயிருக்கிறதா என்பது கேள்வியே அன்று. இக்கலை ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள்; குழந்தை தன் விருப்பப்படி உலகைத் தொட்டுப் பார்க்கும் வாயில் இது, அவ்வளவே.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உடையோரையும் தன்னுள் அடக்கி, அவர்கள் பிற மாணவரோடு ஒருங்கே கற்கும் உரிமையை வற்புறுத்துகிறது. ஆனால், பக்கத்தில் அமர்ந்தவன் காதைப் பொத்திக்கொள்ளும்போது நகைப்பதா, குரலைத் தாழ்த்துவதா என்பதைச் சட்டம் முடிவு செய்ய இயலாது. அதனை முடிவு செய்பவர்கள் நீங்களே.