வங்கக்கடலின் இரு கரைகள்: புகைப்படமும் சாட்சியமும்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இரண்டு நாட்களுக்குப் பின், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக் கலைஞர் அர்க்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். உறவினரைப் பறிகொடுத்த பெண் ஒருவர் மணலில் வீழ்ந்து அழுகிறார். அவருடைய உள்ளங்கைகள் வானை நோக்கி விரிந்துள்ளன. இறந்தவரின் உடலில் கை மட்டுமே படத்தின் ஓரத்தில் தெரிகிறது. 1955 முதல் இயங்கிவரும் 'வேர்ல்ட் பிரஸ் போட்டோ' அமைப்பு இதனை 2004ஆம் ஆண்டின் தலைசிறந்த செய்திப் படமாகத் தேர்ந்தெடுத்தது.

இப்படத்தை நாம் இங்கு எடுத்துக்கொள்வது அது பெற்ற பரிசுக்காக அன்று. பிறர் துயரைப் படம்பிடிப்பது முறையா? முறையெனில் அதற்குரிய வரம்பு யாது? நம்பிக்கையாளர் எவரும் தவிர்க்கவியலாத வினா இது.

நிழலைப் பிடித்து நிறுத்துதல்

உருவம் சமைத்தல் பற்றிய நபிமொழிகள் கடுமையானவை என்பதை நாம் அறிவோம். புகைப்படம் பரவியபோது அவ்விலக்கு இதற்கும் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது இயல்பே. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மது பஹீத் அல்முத்தீஈ, புகைப்படம் என்பது படைத்தல் அன்று, இறைவன் படைத்த பொருளின் நிழலைக் கருவிகொண்டு பிடித்து நிறுத்துதலே என வாதிட்டு, அதனை ஆகுமானதாக அறிவித்தார். இதனை ஏற்காத ஆலிம்களும் உண்டு.

கருவியின் மூலமோ நமக்கு அந்நியமானதன்று. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி தோன்றுகிறது என 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளியையும் அவர் ஆராய்ந்தார். அந்த இருட்டறையின் வழித்தோன்றலே இன்றைய கேமரா. 1861இல் மதீனாவை முதன்முதலில் படமெடுத்தவரும் எகிப்திய இராணுவப் பொறியாளரான முஹம்மது சாதிக் பே என்னும் முஸ்லிமே.

சாட்சியின் கடமை

ஆகுமா என்ற வினாவைத் தாண்டியதும், எவ்வாறு என்ற வினா எழுகிறது. நீதிக்காகச் சாட்சி சொல்வதில் உறுதியாக நிற்குமாறும், அது தமக்கே எதிராக அமைந்தாலும் பிறழாதிருக்குமாறும் திருக்குர்ஆன் (4:135) பணிக்கிறது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது எனவும் (2:283) எச்சரிக்கிறது. அதே வேதம் பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதையும் (49:12) தடுக்கிறது. இறந்தவரின் உடலுக்கும் உயிருள்ளவருக்குரிய கண்ணியம் உண்டு என்பது நபிவழி. வெளிப்படுத்தலும் மறைத்தலும் ஆகிய இவ்விரு கடமைகளுக்கு இடையில்தான் கேமரா நிற்கிறது.

1984இல் போபால் விஷவாயுவுக்குப் பலியான குழந்தையைப் பாப்லோ பார்த்தலோமியூ எடுத்த படம், மண்ணில் புதையும் அம்முகத்தையே காட்டிற்று. அந்த ஆண்டின் தலைசிறந்த செய்திப் படமும் அதுவே. கடலூர்ப் படமோ இறந்தவரின் முகத்தைக் காட்டவில்லை. ஆயினும் இழப்பின் கனம் அதில் குறையவில்லை. உண்மையை உரைக்க எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் சாட்சியத்திற்கு விலையும் உண்டு. சென்னையில் நாளேட்டுப் பணியில் தொடங்கி ராய்ட்டர்ஸை அடைந்த அதே தத்தாதான், 2002 மார்ச் முதல் நாள் அகமதாபாத்தில், கைகூப்பி உயிர்ப்பிச்சை கேட்ட முஸ்லிம் தையல்காரரையும் படமெடுத்தவர். குஜராத் கொடுமையை உலகறியச் செய்தது அப்படம். படத்திலிருந்தவரோ அடையாளம் காணப்பட்டு, வேலையிழந்து, ஊர்விட்டு ஊர் செல்ல நேர்ந்தது. சமுதாயத்திற்கு நன்மை பயந்த சாட்சியம் ஒரு தனிமனிதருக்குச் சுமையாயிற்று. அச்சுமையில் அப்படத்தைப் பரப்பிய நமக்கும் பங்கு உண்டு.

ஜாமிஆவிலிருந்து ஒரு பயணம்

வங்கக்கடலின் மறுகரையில் 2017 செப்டம்பரில் இன்னொரு படம் பிறந்தது. மியான்மரிலிருந்து படகில் தப்பி, வங்கதேசத்தின் ஷா பரீர் தீவை அடைந்த ரோஹிங்யா பெண் ஒருவர், களைத்து மண்டியிட்டுக் கரையைக் கையால் தொடுகிறார். எடுத்தவர் தானிஷ் சித்தீகீ.

தில்லி ஜாமிஆ மில்லியாவில் பொருளியல் படித்து, 2007இல் அங்கேயே வெகுசனத் தொடர்பியலும் முடித்தவர் அவர். முதலில் தொலைக்காட்சிச் செய்தியாளராகப் பணியாற்றினார். பின்னர் அதை விடுத்து, 2010இல் ராய்ட்டர்ஸில் பயிற்சிப் புகைப்படக் கலைஞராகச் சேர்ந்தார். ரோஹிங்யா படங்களுக்காக அவரும் சக கலைஞர்களும் 2018இல் புலிட்சர் பரிசு பெற்றனர். 2021இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது தில்லியின் தகன மைதானங்களை அவர் எடுத்த படங்கள், பிறர் துயரில் நுழைவதாகக் கண்டிக்கப்பட்டன. மறைக்கப்படலாகாத மரணங்களுக்குச் சாட்சி என அவற்றைப் போற்றியோரும் உண்டு. மேற்சொன்ன இரு கடமைகளின் மோதலே அங்கும் நிகழ்ந்தது. 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்தக்கில் அவர் கொல்லப்பட்டார். ஜாமிஆ மில்லியாவின் அடக்கத்தலத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். ஒருவரின் நிய்யத்தை அறிபவன் இறைவன் ஒருவனே. எனினும், காணப்படாதோரைக் காணச்செய்ய உயிரையே ஈந்த பணி அது என நாம் சொல்லலாம்.

கேமரா காணாதவை

ஆழிப்பேரலை நாட்களில் சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையின் ஜமாஅத்தார், வீடிழந்து வந்த மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தனர். மதம் கேட்டு எவருக்கும் சோறு இடப்படவில்லை. கடலூர்ப் பெண்ணின் கண்ணீரைக் கண்ட உலகம், சில கல் தொலைவில் கொதித்த அந்த உலைகளை அதே அளவு கண்டதில்லை. படம் பதிவுசெய்வது நிகழ்ந்தவற்றில் ஒரு துளியே. எனவே ஒரு படத்தைக் கண்டு ஓர் ஊரையோ ஒரு சமூகத்தையோ தீர்ப்பிடுவது நீதியாகாது.

இன்று கைபேசி வைத்திருப்போர் அனைவரும் புகைப்படக்காரர்களே. விபத்தில் விழுந்தவரைப் படமெடுத்துப் பரப்புவோர் நம் தெருக்களிலும் உள்ளனர். படமெடுக்கும் முன் நாம் மூன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்: இது அநீதியொன்றை வெளிக்கொணர்கிறதா? இதில் இருப்பவரின் மானமும் பாதுகாப்பும் காக்கப்படுகின்றனவா? படமெடுப்பதற்கு முன்னால் நீட்ட வேண்டிய உதவிக்கரம் ஏதும் உண்டா? மூன்றாவதற்கு 'ஆம்' என்பது விடையானால், கேமராவைக் கீழே வைப்பதே அப்போதைய கடமை.