ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்தால்

நிறுவன மறுசீரமைப்பில் உங்கள் பதவி இல்லாமல் போய்விட்டது என்று ஒரு கடிதம்; கூடவே ஒரு காசோலை; கையெழுத்துப் போட ஒரு தாள். மலேசியாவில் ஆட்குறைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது. “கம்பெனி நட்டத்தில் ஓடுகிறது, நாம் என்ன செய்ய முடியும்?” என்று பலர் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கடிதத்தில் எழுதியிருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. அதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி.

தொழிலைத் திருத்தியமைக்கவும் மிகையான ஆட்களைக் குறைக்கவும் முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் ஆள் உண்மையிலேயே மிகையாக இருக்க வேண்டும்; பிடிக்காத ஒருவரை வெளியேற்ற அது சாக்காக இருக்கக் கூடாது. வேலைநீக்கத்துக்குச் சொன்ன காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பதையே பார்க்க வேண்டும் என்று 1981-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்குறைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கு வந்த பிறகு “ஆள் சரியாக வேலை செய்யவில்லை” என்று காரணத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

எங்கே சந்தேகம் வர வேண்டும்?

உங்கள் பதவியை எடுத்துவிட்டதாகச் சொன்ன நிறுவனம், அடுத்த மாதமே அதே வேலைக்கு வேறு பெயரில் ஆள் தேடி விளம்பரம் போட்டிருக்கிறதா? உடனே அதைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். உங்கள் வேலையை இப்போது புதிதாக வந்தவர் பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள். ஒரே வகை வேலையில் பலர் இருந்தால் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பது நெடுநாளைய நெறி. அதை மீற முதலாளியிடம் தக்க காரணம் இருக்க வேண்டும். அதே வகை வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் இருந்தால் அவர்களை நிறுத்திய பிறகே உள்நாட்டவரை நிறுத்தலாம் என்கிறது 1955 வேலைவாய்ப்புச் சட்டம். ஆட்குறைப்புக்குக் குறைந்தது 30 நாள் முன்பே, அதை அறிவிக்கும் பி.கே. பாரத்தைத் தொழிலாளர் இலாகாவில் கொடுக்க வேண்டியதும் முதலாளியின் கடமை.

சட்டப்படி வர வேண்டிய பணம்

தீபகற்ப மலேசியாவில் மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கும் ஒருவர் ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருந்தால் அவருக்குப் பணிநீக்கச் சலுகைத் தொகை உண்டு. 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். வேலை முடிந்த 7 நாளுக்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும். முன்னறிவிப்புக் காலமும் அதே வரிசையில் 4, 6, 8 வாரம். பணம் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

60 நாள் கெடு

ஆட்குறைப்பே நியாயமற்றது என்று தோன்றினால் செல்ல வேண்டிய இடம் வேறு. 1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, வேலை போன 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். இதற்குச் சம்பள வரம்பு கிடையாது. முன்னறிவிப்புக் காலத்திலேயே கூட மனு கொடுக்கலாம். 61-ஆவது நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் மனுவை ஏற்க மாட்டார்கள். எச்.ஆருக்கு மேல்முறையீடு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இன்னொன்று: மனுவில் கேட்க வேண்டியது மீண்டும் வேலை. “இழப்பீடு மட்டும் போதும்” என்று எழுதினால் அதுவே சிக்கலாகலாம்.

இலாகா முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். அது முடியாவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும்.

வென்றால் எவ்வளவு?

மாதம் 3,000 ரிங்கிட் சம்பளத்தில் 7 ஆண்டு உழைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சலுகைத் தொகை 140 நாள் சம்பளம், ஏறக்குறைய 13,800 ரிங்கிட். ஆட்குறைப்பு நியாயமற்றது என்று தீர்ப்பானால் பின்சம்பளமாக அதிகபட்சம் 24 மாதம், அதாவது 72,000 ரிங்கிட் வரை கிடைக்கலாம். மீண்டும் வேலையில் அமர்த்துவது சரிவராது என்று நீதிமன்றம் கருதினால், சேவை செய்த ஆண்டுக்கு ஒரு மாதம் என்ற வழக்கமான கணக்கில் இன்னும் 21,000 ரிங்கிட் சேரும். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததற்கு ஒரு பகுதி கழிக்கப்படலாம். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்குப் பின்சம்பள உச்சவரம்பு 12 மாதம்.

கையெழுத்துக்கு முன்

சலுகைத் தொகையை வாங்கிக்கொண்டதாலேயே வழக்குப் போடும் உரிமை பொதுவாகப் போய்விடாது. ஆனால் வி.எஸ்.எஸ். எனப்படும் விருப்ப விலகல் தாளிலோ, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளிலோ கையெழுத்துப் போட்டால் வழக்கு பெரிதும் பலவீனப்படும். ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னால் எழுதாதீர்கள். படித்துப் பார்க்க இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். தாளின் நகலைத் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டுங்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சொந்தக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். “நட்டம்” என்றால், பல நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கை எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் கட்டணம் கட்டி வாங்கிப் பார்த்துவிடலாம்.

வேலை போனவர்கள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்திலும் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால், காப்புறுதிக்குக் கணக்கிடப்படும் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். வழக்குப் போடுவதற்கு இது தடையில்லை.

கடிதம் வந்த அன்றே, வேலை போகும் நாளிலிருந்து அறுபதாவது நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.