வெள்ளிக் கண்ணும் காணும் கண்ணும்

வேளாங்கண்ணிக் கோயிலை நாடி வரும் யாத்ரீகர் கூட்டத்தோடு நாமும் ஒருநாள் நடந்தோம். ஆகஸ்டு 29-ந் தேதி கொடியேறிச் செப்டம்பர் 8-ந் தேதி நிறைவெய்தும் பெருவிழாக் காலம் அன்று. ஆயினும் கடைவீதியில் ஜனங்களுக்குக் குறைவில்லை. மெழுகுவர்த்திகளுக்கும் பூமாலைகளுக்கும் நடுவே, மெல்லிய தகட்டில் செய்த கண், கை, கால், வீடு, தொட்டில் முதலிய உருவங்களை விற்றுக் கொண்டிருந்தார்கள். கண்ணோய் தீர்ந்தவர் கண்ணுருவத்தையும், மகப்பேறு பெற்றவர் தொட்டிலையும் மாதாவின் சந்நிதியில் செலுத்துவது இவ்வூர் வழக்கம். மதபேதம் பாராமல் பலரும் இதைச் செய்கிறார்கள்.

இவ்வாறு வந்த காணிக்கைகளுள் பொன்னிலும் வெள்ளியிலும் செய்தவை பலவற்றைக் கோயிலைச் சார்ந்த காட்சிசாலை ஒன்றில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு வெள்ளிக் கண்ணின் முன்னே நாம் சற்று நேரம் நின்றோம். அது சிறந்த சிற்பியின் வேலையன்று, எடையும் மிகுதியன்று. ஆனால் அதற்குப் பின்னே ஓர் இல்லத்தின் உறக்கமற்ற இரவுகள் எத்தனை இருந்திருக்கும்! அதைப் பார்ப்பவருக்கு அந்த இரவுகளையும் உணர்த்துவது எங்ஙனம்? இந்தக் கேள்விக்கு விடை காணும் வித்தையே காட்சியமைப்புக் கலை. அதை நம் சர்வகலாசாலை மாணாக்கர்கள் முறையாகக் கற்க வேண்டும் என்பது நமது கருத்து.

கொலுப்படியில் தொடங்கும் பாடம்

இக்கலை நமக்குப் புதிதன்று. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் ஒவ்வொரு தாயும் இதில் ஒருவகைத் தேர்ச்சி உடையவளே. எந்தப் பொம்மை மேற்படியில் இருக்க வேண்டும், எது எதன் பக்கத்தில் பொருந்தும், பாட்டி காலத்து மரப்பாச்சிக்கு எந்த இடம், விளக்கின் ஒளி எங்கே விழ வேண்டும் என்றெல்லாம் அவள் யோசிக்கிறாள். வருகிறவர்களுக்குக் கதையும் சொல்கிறாள். விழா முடிந்ததும் ஒவ்வொன்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறாள்.

காட்சிசாலையின் பொறுப்பாளரை ஆங்கிலத்தில் ‘க்யூரேட்டர்’ என்கிறார்கள். பராமரிப்பு என்று பொருள்படும் இலத்தீன் மொழிச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. காப்பதும், தேர்வதும், விளக்குவதும் ஆகிய மூன்றும் அவர் தொழில்.

அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில், பாங்கு வியாபாரக் குடும்பத்தில் தோன்றிய பால் சாக்ஸ் என்பவர் 1921-ல் இதற்கெனத் தனி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். கலைப் பொருள்களை மாணாக்கர் கையிலேயே கொடுத்து ஆராயச் செய்தார். 1929-ல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட நவீன கலைக் காட்சிசாலையின் முதல் தலைவரான ஆல்பிரெட் பார் அவருடைய மாணாக்கரே.

நம் தேசத்தில் பரோடா சர்வகலாசாலை 1952-ல் காட்சிசாலை இயலுக்கு ஒரு துறையை ஏற்படுத்தியது. கொச்சி நகரில் 2014 முதல் மாணவர்களுக்கென்றே ஒரு கலைவிழா நடந்து வருகிறது. அதற்காக இளங்காட்சியமைப்பாளர்கள் பல மாகாணக் கலைக் கல்லூரிகளுக்கும் சென்று, மாணாக்கரோடு கலந்து பேசி, அவர்கள் படைப்புக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு தமிழரின் கேள்வி

இலங்கையில் பிறந்த தமிழரின் மைந்தரான ஆனந்த குமாரசாமி 1917-ல் பாஸ்டன் நகரக் காட்சிசாலையில் இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். அத்தொழிலிலேயே முப்பது ஆண்டு கழித்தவர், கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதுதான் எதற்கு என்று கேட்டு எழுதினார். அக்கட்டுரைத் தொகுதி 1943-ல் நூலாக வெளிவந்தது. பழங்காலத்துப் பொருள்கள் காட்சிசாலைக்கென்று செய்யப்பட்டவையல்ல, ஒரு பயனுக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பயனை அறியாமல் அழகை மட்டும் ரசிப்பது அரைகுறை அறிவு என்பது அவர் கொள்கை.

அவருடைய கேள்வியைக் காவிரி நாட்டைப் போல் தெளிவாக விளக்கும் இடம் வேறில்லை. வேளாங்கண்ணியிலேயே பாருங்கள். புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் பிற்பாடு கொண்டுவந்து தந்த பீங்கான் தட்டுகள் பலிபீடத்தை அலங்கரித்தன என்று கோயில் வரலாறு கூறுகிறது. வழிபாட்டிடத்தில் ஒரு தட்டு தானே பேசும். பெட்டிக்குள் வைத்தால் அதற்காக வேறொருவர் பேசவேண்டும்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குச் செல்வோம். கரந்தையிலிருந்த பிரம்மாவின் சிலையைக் கல்கத்தா வியாபாரி ஒருவர் கொண்டுபோக முயன்றபோது ஊரார் தடுத்தனர் என்றும், அதுவே காரணமாகக் கலெக்டர் எம். எஸ். சிவராமன் 1951-ல் அக்கூடத்தை நிறுவினார் என்றும் சொல்வர். அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011-ம் ஆண்டைச் சேர்ந்த அந்த விக்கிரகத்தின் ஒரு கை, பக்கத்தில் நிற்கும் காளையின்மேல் சாய்ந்திருப்பது போல் வளைந்திருக்கிறது. காளையோ இல்லை! கோயிலில் பட்டும் மாலையும் சாத்தித் தரிசித்த திருவுருவம் இங்கே முழு வடிவையும் காட்டுகிறது. ஆனால் காளையையும் கோயிலையும் இழந்து நிற்கிறது. இல்லாத காளையைப் பார்ப்பவர் மனத்தில் எழுப்ப நான்கு வரிக் குறிப்பொன்று எழுதச் சொன்னால், மாணாக்கன் ஒரு வாரம் தவிப்பான். அத்தவிப்பே கல்வி.

சிதறிய செல்வம்

வேளாங்கண்ணிக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய மன்னர் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அத்தானத்தைக் கூறும் இருபத்தொரு செப்பேடுகளும் கடல் கடந்து ஹாலந்து தேசத்து லெய்டன் நகரை அடைந்து, அந்நகரின் பெயராலேயே வழங்கலாயின. 1856 முதல் ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காலத்தில் நாகையில் கிடைத்த முந்நூற்றைம்பது அளவான பௌத்த வெண்கலங்களுள் பெரும்பகுதி சென்னைக் காட்சிசாலைக்குச் சென்றது. எஞ்சியவை பல தேசங்களுக்கும் பரவின. தம் ஊரில் என்ன இருந்தது என்பதை நாகைச் சிறுவனொருவன் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ரயிலேற வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையைச் சட்டமும் பொருளும் மட்டுமே நீக்கிவிடா. பொருள் திரும்பி வந்தாலும், அதை ஊராருக்கு எடுத்துக்காட்டத் தெரிந்தவர் இல்லையானால் அது மற்றோர் இருட்டறைக்குத்தான் போகும். ஆகையால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி ஆகியவற்றின் மாணாக்கர்கள் ஆண்டுதோறும் ஒரு பருவம் இப்பக்கத்து ஊர்களில் தங்கி, ஒரு சிறு கண்காட்சியைத் தாமே அமைத்துப் பழக வேண்டும் என்று விரும்புகிறோம். பெரிய மண்டபம் வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்தின் ஓர் அறை போதும்.

அவ்வறையில் அவர்கள் கற்பவை பல. கடற்காற்றின் உப்பு ஏறிய வெண்கலத்தில் பச்சைப் பொடி பூக்கும். அதை எவ்வாறு தடுப்பது? பழந்துணிக்கும் காகிதச் சித்திரத்துக்கும் 50 லக்ஸ் அளவுக்குமேல் ஒளி ஆகாது. அந்த மங்கிய ஒளியில் கிழவர்களும் படிக்கும்படி எழுத்தை எவ்வளவு பெரிதாக்குவது? உழவர் தம் வீட்டுக் கலயத்தை நம்பி இரவல் தந்தால், அதைக் கீறலின்றித் திருப்பித் தருவது எப்படி? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் கண்ணீரோடு செலுத்திய பொருளை வேடிக்கைப் பொருளாக்காமல் காட்டுவது எப்படி? இக்கடைசிப் பாடத்தைப் புத்தகம் கற்பிக்காது. அந்தப் பொருளைச் செலுத்தியவர்களோடு உட்கார்ந்து பேசினால்தான் வரும்.

மாலையில் நாம் திரும்பியபோது, ஒரு கிழவி தம் பேரனைத் தூக்கி அந்த வெள்ளிக் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாள். “இது யாருக்கோ கண் திறந்த கதையடா” என்றாள். நாம் நான்கு பத்தியில் சொல்ல முயன்றதை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். நம் மாணாக்கர்கள் முதலில் அவளிடம் பாடம் கேட்கட்டும்.