பத்து விநாடிக் கையிருப்பு

முத்துக் குளிப்பவர் கடலுக்குள் நீந்தி இறங்குவதில்லை. கயிற்றில் கட்டிய கல்லில் ஒரு காலை ஊன்றிக்கொள்வார், மூச்சை இழுத்துப் பிடிப்பார், மூக்கை அடைத்துக்கொள்வார். கல் அவரை ஐந்து, எட்டு, பத்துப் பாக ஆழத்துக்குக் கொண்டுபோய் விடும். அடியில் கிடைப்பது ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை. அதற்குள் கைக்கு எட்டும் சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் போட வேண்டும். கயிற்றை அசைத்துச் சைகை கொடுத்ததும் மேலே வள்ளத்தில் இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். இறங்குவதற்குக் கல், ஏறுவதற்குக் கயிறு. தசையில் உள்ள பலம் முழுவதும் அடியில் செய்யும் வேலைக்கென்றே மிச்சப்படுத்தப்படுகிறது.

தூத்துக்குடியின் கடலடிச் சிப்பிப் பார்களில் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-இல் முடிந்துபோயிற்று. சங்கு குளிப்பு மட்டும் திரேஸ்புரம் பக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது. அங்கே பயல்கள் அண்ணன்மாரிடம் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, கிரியேட்டின் போடலாமா?” அந்த வெள்ளைப் பொடிக்கும் குளியாளியின் ஒரு நிமிடத்துக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது.

தசை சுருங்க ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். அது தன் பாஸ்பேட் ஒன்றை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றலில்தான் தசை இயங்குகிறது. ஆனால் தசைக்குள் இருக்கும் ஏடிபி, முழு மூச்சாக வேலை செய்தால் இரண்டு மூன்று விநாடிக்கே காணும். அதன்பின் மாவுச்சத்தை உடைத்துப் புது ஏடிபி செய்யலாம். ஆக்சிஜனைக் கொண்டு இன்னும் நிறையச் செய்யலாம். இரண்டுக்கும் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் கிரியேட்டின் பாஸ்பேட். பணம் வங்கியில் எவ்வளவு இருந்தாலும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கச் சட்டைப்பைச் சில்லறைதானே உதவும்? கிரியேட்டின் பாஸ்பேட் அந்தச் சில்லறை. தன் பாஸ்பேட்டைக் கொடுத்து, காலியான ஏடிபியை நொடியில் நிரப்புகிறது. சுமார் பத்து விநாடியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உப்பளத்தில் ஒரு மூட்டையைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் மூன்று நான்கு விநாடி இந்தக் கையிருப்பில் நடக்கிறது. அதைச் சுமந்துகொண்டு லாரி வரை நடப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் கணக்கு. குளியாளியின் நிலைமை இதைவிடக் கடினம். மூச்சை அடக்கியதும் உடல், கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, இருக்கும் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது. சிப்பியைப் பறிக்கும் கை தன்னிடம் உள்ளதை வைத்தே காலம் தள்ள வேண்டும். மேலே வந்து மூச்சு வாங்கும்போதுதான் கையிருப்பு திரும்ப நிரம்பும். பாதி நிரம்ப அரை நிமிடம் போதும். முழுதும் நிரம்பச் சில நிமிடம் ஆகும். அந்தக் காலத்தில் ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள் இருப்பார்கள், மாறி மாறி இறங்குவார்கள். ஜிம்மில் கனமான செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் உட்காரச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

இந்தக் கையிருப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பது அந்த ஜிம்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமாவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று அவர் பள்ளி முடித்ததும் கல்லூரி படித்ததும் சென்னையில்தான். காந்தி சொல்லைக் கேட்டுக் கதரில் தைத்த அறுவைச் சிகிச்சை அங்கி அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அந்தப் பட்டத்தோடு அமெரிக்கா போனார். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்து, நோயாளிகளின் மலச்சட்டி கழுவிப் பிழைத்துக்கொண்டே ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார்.

இருவரும் 1925-இல் பாஸ்பரஸை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். கரைசலில் பாஸ்பேட் இருந்தால் நீல நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தி எவ்வளவோ பாஸ்பேட்டும் அவ்வளவு. தசைச் சாற்றை அளந்தபோது மட்டும் நீலம் உடனே முழுசாக வரவில்லை. மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போயிற்று. வேறு யாராவது இருந்தால் சோதனையில் கோளாறு என்று கொட்டிவிட்டு அடுத்த குழாயை எடுத்திருப்பார்கள். இவர்கள் அந்தத் தாமதத்தையே துரத்தினார்கள். பாஸ்பேட் எதனோடோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வருகிறது என்று புரிந்தது. ஒட்டியிருந்தது கிரியேட்டின். தசை வேலை செய்தால் அந்தச் சேர்மம் குறைகிறது, ஓய்வெடுத்தால் திரும்ப உருவாகிறது என்றும் காட்டினார்கள். இது 1927-இல். அதே ஆண்டு இங்கிலாந்தில் பிலிப், கிரேஸ் எகிள்டன் தம்பதியும் தனியாக இதையே கண்டார்கள். லாக்டிக் அமிலமே தசையை இயக்குகிறது என்ற கருத்துக்கு வழிவகுத்த ஆய்வுக்கு அதற்குச் சில ஆண்டு முன்புதான் நோபல் பரிசு தந்திருந்தார்கள். அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரையும் பிற்காலத்தில் சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆய்வில் வந்ததே. அவர் 1948-இல் இறந்தார். தாய்நாடு திரும்பவே இல்லை.

பொடி விஷயத்துக்கு வருவோம். எழுபது கிலோ மனிதரின் உடலில் ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் இருக்கிறது, பெரும்பகுதி தசையில். தினமும் இரண்டு கிராம் போல வெளியேறும். அதில் பாதியைச் சிறுநீரகமும் கல்லீரலும் தயாரித்துக்கொள்கின்றன, மீதி சாப்பாட்டில் வருகிறது. ரோஜர் ஹாரிஸ் குழு 1992-இல், பொடியாகச் சாப்பிட்டால் தசையின் இருப்பு கூடுகிறது என்று காட்டியது. கூடினால் என்ன ஆகும்? பத்தாவது முறையோடு நின்றுபோகும் தூக்கு பதினோராவதும் பன்னிரண்டாவதும் போகலாம். அந்தக் கூடுதல் வேலைதான் மாதக்கணக்கில் தசையாகிறது. பளு தூக்காமல் பொடியை மட்டும் தின்றால் பலன் மிகச் சொற்பம். முதல் வாரம் ஏறும் ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து கிராம் போதும். தசை நிரம்பிய பிறகு மிச்சம் சிறுநீரில் போய்விடும். எந்தப் பெயரில் விற்றாலும் சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டை விட மேலானது என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

கடற்கரைக்காரர்களுக்கு இங்கே ஒரு சேதி உண்டு. மீனில் கிலோவுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் கிரியேட்டின் இருக்கும். சாளைக்கு உறவான ஹெர்ரிங்கில் இன்னும் அதிகம். தண்ணீரில் கரைவது என்பதால் கொஞ்சம் குழம்பில் இறங்கிவிடும். சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவருக்கு அதுவும் நஷ்டமில்லை. தினம் மீன் சாப்பிடுகிறவரின் தசையில் இருப்பு ஏற்கெனவே ஓரளவு நிரம்பியிருக்கும், அதனால் பொடி தரும் ஏற்றம் அவருக்குக் குறைவு. சைவ வீட்டுப் பிள்ளைக்கு ஏற்றம் கூடுதல். ஆனால் ஐந்து கிராமை மீனிலேயே எடுக்க வேண்டுமானால் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புரோட்டீன் கதை வேறு. அங்கே சாப்பாடே போதும் என்பது என் உறுதியான எண்ணம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. பளு தூக்குகிறவருக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது. அதற்கு மேல் போனால் தசை கூடுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அறுபது கிலோ இளைஞருக்கு அது 96 கிராம். இரண்டு வேளை மீன் நூறு நூறு கிராமாக, மூன்று முட்டை, ஒரு கைப்பிடி கோவில்பட்டிக் கடலை, அரை லிட்டர் பால், சோறும் பருப்பும் என்றால் கணக்கு முடிந்தது. பத்து நாள் மீன் காசை ஒரே புரோட்டீன் பொடி டப்பாவுக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டப்பாவில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப முடியாது: இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரோட்டீன் அளவு சரியில்லை. சிலவற்றில் பாதிதான் இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது.

கிரியேட்டின் ஆரோக்கியமான பெரியவர்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நம் வீடுகளில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சாதாரணமாகிவிட்டதால், ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. இன்னொன்று: உடலில் கிரியேட்டின் சிதைந்தால் கிரியேட்டினின் ஆகிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க லேபில் அளப்பது அதைத்தான். பொடி சாப்பிடுகிறவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். ரிப்போர்ட்டைப் பார்த்து வீடே பதறும். சோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போதே “கிரியேட்டின் சாப்பிடுகிறேன்” என்று சொல்லிவிட்டால், டாக்டர் சிஸ்டாட்டின் சி போன்ற வேறொரு சோதனையை எழுதித் தருவார்.