ஏணி ஊருக்கு, பெயர் கம்பெனிக்கு!

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் ஸ்ரீரங்கத்துக் கடைகளில் பஞ்சாங்கம், துளசி மணி மாலை, குங்குமம் ஆகியவற்றோடு, சுருட்டி வைத்த வண்ணப் படம் ஒன்றும் விற்பனைக்கு வந்துவிடும். அதுதான் பரமபத சோபானப் படம். விடியற்காலையில் பரமபத வாசல் திறந்து, நம்பெருமாளைச் சேவித்துவிட்டு வீடு திரும்பிய பிறகும் விரதக்காரர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அன்று இரவு தூங்கக் கூடாதே! கண்ணைச் செருகவிடாமல் வைத்திருக்க நம் பாட்டிமார் கண்ட உபாயம் இந்தப் படம். தாயக்கட்டையை உருட்ட வேண்டியது. ஏணி வந்தால் ஏற வேண்டியது. பாம்பு வந்தால் சறுக்க வேண்டியது. வைகுண்டம் இதோ எட்டிவிட்டது என்று நிமிரும் நேரத்தில் மேல் வரிசையில் ஒரு பெரிய பாம்பு வாயைப் பிளந்து காத்திருக்கும்.

இந்த ஆட்டத்துக்குச் சொந்தக்காரர் யார்? வடக்கு உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ நின்று இப்படி ஒரு கேள்வி கேட்டால், கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஊருக்குப் பொதுவான ஆட்டத்துக்குப் பட்டா ஏது? படத்தை அச்சிடுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாக அச்சிடுகிறார்கள். கட்டங்களின் கணக்குக்கூட அச்சுக்கு அச்சு மாறுகிறது. யாரும் யார்மீதும் வழக்குப் போட்டதில்லை.

ஆனால் கடல் கடந்தால் கதை வேறு.

பெயர் மாறிய பிள்ளைகள்

பரமபதத்துக்கு வடநாட்டில் ஒரு சகோதரி உண்டு. 'ஞான சௌபர்' என்று பெயர். வைஷ்ணவர்கள், ஜைனர்கள், சூஃபிகள் எல்லாருமே தங்கள் தங்கள் தத்துவத்தைக் கட்டங்களில் எழுதி ஆடினார்கள். வெள்ளைக்காரர்களோடு அது சீமைக்குப் போயிற்று. 1890-களில் இங்கிலாந்தில் 'ஸ்நேக்ஸ் அண்ட் லாடர்ஸ்' என்ற பெயரில் குழந்தைகளின் விளையாட்டாகக் கடைக்கு வந்தது. வைகுண்டம் போய்விட்டது; பாம்பும் ஏணியும் மிஞ்சின. 1943-ல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி கம்பெனி பாம்பையும் எடுத்துவிட்டது! பாம்பு இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம். 'சூட்ஸ் அண்ட் லாடர்ஸ்' என்று ஒரு பெயரும் சூட்டி, அந்தப் பெயரைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

'பச்சீசி'யின் கதையும் அதுவே. 'பார்ச்சீசி' என்ற பெயரை 1874-லேயே அமெரிக்காவில் ஒரு கம்பெனி தன் வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்தது. இந்த இரண்டு பெயர்களும் கைமாறிக் கைமாறிக் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஹாஸ்ப்ரோ என்ற பிரம்மாண்டமான பொம்மைக் கம்பெனி. ஹாஸ்ப்ரோவின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரையில் அது மறுபடியும் தலைகாட்டப் போகிறது.

விண்வெளியில் ஒரு சண்டை

1982-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டி.எஸ்.ஆர். என்ற கம்பெனி 'ஸ்டார் ஃப்ரான்டியர்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இது காய் நகர்த்தி ஜெயிக்கிற ஆட்டம் அல்ல; வேஷம் கட்டி ஆடுகிற ஆட்டம். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'உன் கப்பல் பழுதாகிவிட்டது, என்ன செய்கிறாய்?' என்று கதை சொல்லி கேட்பார். ஆடுகிறவர் பாத்திரமாகவே மாறிப் பதில் சொல்வார். அவர் நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. அரையர் சேவையில் முத்துக்குறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே அரையர் தாயாகவும், மகளாகவும், குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறிப் பேசுவார். அதை நாலு பேருக்குப் பங்கு போட்டு, கையில் பகடையையும் கொடுத்தால் ஏறக்குறைய இந்த ஆட்டம்தான். கதை மட்டும் விண்வெளியில் நடக்கிறது. மனிதர்; உருவத்தை நினைத்தபடி மாற்றும் ட்ராலசைட்; பூச்சி போன்ற வ்ரஸ்க்; குரங்கு போன்ற யசீரியன். இந்த நால்வகையினரும் கூடி, சாத்தார் என்ற எதிரியோடு போராட வேண்டும். சாத்தார் எப்படி இருப்பார்கள் என்கிறீர்கள்? நெளியும் பெரும் புழு வடிவம்! பரமபதத்துப் பாம்பு எங்கே போனாலும் விடுவதில்லை போலும்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, தமிழில் விஞ்ஞானக் கதைக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்த சுஜாதாவின் ரசிகர்கள் கையில் அந்தப் பெட்டி அப்போது கிடைத்திருந்தால் தெற்கு வாசல் வரை ஒரு விண்கப்பல் ஓடியிருக்கும். கிடைக்கவில்லை.

சில ஆண்டுகளில் அங்கேயும் ஆட்டம் நின்றது. 1985-ஐ ஒட்டிப் புதுப் புத்தகங்கள் வருவது அடங்கிவிட்டது. 1997-ல் டி.எஸ்.ஆர். கம்பெனியையே 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' விலைக்கு வாங்கியது. 1999-ல் அந்த விசார்ட்ஸை வாங்கியது யார்? அதே ஹாஸ்ப்ரோ!

காகிதம் தவறினால்

வியாபாரச் சின்னம் என்பது வீடு வாசல் போன்ற சொத்து அல்ல. அது பயிர் மாதிரி. தண்ணீர் விடாவிட்டால் பட்டுப்போகும். அமெரிக்கச் சட்டப்படி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரு பெயரைப் பயன்படுத்தாவிட்டால், கைவிட்டுவிட்டதாக வாதாட இடம் உண்டு. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டும் மூன்று மாதமும். உரிய காகிதத்தை உரிய காலத்தில் தாக்கல் செய்யாவிட்டாலும் பதிவு போய்விடும்.

டி.எஸ்.ஆர். என்ற பெயரின் பதிவை விசார்ட்ஸ் நழுவவிட்டது. 2011-ல் வேறொருவர் அதை எடுத்துக்கொண்டார். அவரும் 2020-ல் ஒரு காகிதத்தைத் தவறவிட்டார். 2021-ல் மூன்றாவது கூட்டம் அந்தப் பெயரோடு கடை திறந்தது. பழைய டி.எஸ்.ஆரை நிறுவியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் மகன் எர்னஸ்ட் கைகாக்ஸும் அதில் இருந்தார். 'ஸ்டார் ஃப்ரான்டியர்ஸை மறுபடி கொண்டு வருகிறோம்' என்று அவர்கள் அறிவித்தபோது, நாற்பது வயதைத் தாண்டிய பழைய ஆட்டக்காரர்களில் பலருக்கு வாயில் சர்க்கரை போட்டது போல இருந்திருக்கும்.

அந்த இனிப்பு நிலைக்கவில்லை. பெயர் எங்களுடையது என்றது விசார்ட்ஸ். நீங்கள் கைவிட்டது என்றது புதிய கம்பெனி. 2021 டிசம்பரில் புதிய கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2022 செப்டம்பரில் விசார்ட்ஸ் தானும் ஒரு வழக்குத் தொடுத்தது. அதில் ஒரு பகீர்ச் செய்தி! புதிய ஆட்டத்தின் நகல் பிரதி வெளியே கசிந்துவிட்டது. அதில் மனித இனங்களில் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தும் விதிகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட சரக்கு எங்கள் பெயரில் விற்றால் எங்கள் மானம் போகும் என்பது விசார்ட்ஸின் வாதம். விசாரணை மேடை ஏறுமுன், 2023 ஜூனில், புதிய கம்பெனி திவால் மனுக் கொடுத்துவிட்டது.

காத்திருந்த ஆட்டக்காரர்கள் இழந்ததுதான் அதிகம். அந்தப் பெயரை எடுத்தவர்கள் அதற்குத் தகுதியானவர்களா என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். பல ஆண்டுகளாகப் புதுப் பதிப்பு போடாமல் பெயரை மட்டும் பூட்டி வைத்திருந்ததும் நியாயமான வேலையாகத் தோன்றவில்லை.

கல்கத்தா சகோதரர்கள்

இதே சங்கடம் நம் நாட்டிலும் நேர்ந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த ரஜத் அகர்வாலா, ஜெயந்த் அகர்வாலா என்ற சகோதரர்கள் 'ஸ்க்ராபிள்' சொல்லாட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆட வழி செய்து 'ஸ்க்ராபுலஸ்' என்று பெயரிட்டார்கள். 2008-ல் தினமும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஸ்க்ராபிள் பெயர் வட அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோவுக்கு. மற்ற நாடுகளில் மாட்டெல் கம்பெனிக்கு. ஹாஸ்ப்ரோ நியூயார்க்கில் வழக்குப் போட்டது. மாட்டெல் டெல்லி ஹைகோர்ட்டுக்கு வந்தது.

2008 செப்டம்பர் 17-ல் நீதிபதி ரவீந்திர பட் அளித்த உத்தரவு படிக்கத் தகுந்தது. ஆட்டப் பலகையின் அமைப்பின் மீது பதிப்புரிமை கேட்டார்கள். நீதிபதி கொடுக்கவில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. டிசைனாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமலே யந்திர முறையில் ஐம்பது பிரதிகளுக்கு மேல் தயாரித்தால் பதிப்புரிமை போய்விடும். பலகை அதில் சிக்கியது. ஆட்டத்தின் விதிகளும் யாருக்கும் தனிச் சொத்தாகவில்லை. ஆனால் பெயர்? 'ஸ்க்ராபுலஸ்' என்ற பெயர் ஸ்க்ராபிளோடு குழப்பம் உண்டாக்கும், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தார்.

சகோதரர்கள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. 'லெக்ஸுலஸ்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஆட்டம் பிழைத்தது. ஸ்டார் ஃப்ரான்டியர்ஸ் ரசிகர்கள் சிலரும் அந்த வழிதான் கண்டார்கள். அதன் சாயலில் புதிதாக எழுதி 'ஃப்ரான்டியர் ஸ்பேஸ்' என்று வேறு பெயரில் வெளியிட்டார்கள். பழைய பெயரை எடுத்தவர்கள் கோர்ட்டில் நின்றார்கள். புதுப் பெயர் வைத்தவர்கள் மேஜையில் உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

நம் ஊரில் பழைய ஆட்டங்களுக்கு உயிர் கொடுக்க முயல்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சென்னையில் வினிதா சித்தார்த்தாவின் 'க்ரீடா' பல்லாங்குழியையும் பரமபதத்தையும் புதுப் பெட்டிகளில் போட்டுக் கொடுக்கிறது. எந்தக் கம்பெனியிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் பொதுப் பெயரை ஒருவர் மட்டும் வளைத்துக்கொள்ள நம் வியாபாரச் சின்னச் சட்டம் சுலபத்தில் இடம் கொடாது. புதிதாக வரைந்த ஓவியத்துக்கு உரிமை கோரலாம். தன் கம்பெனியின் பெயருக்குக் கோரலாம். 'பரமபதம்' என்ற சொல்லுக்குக் கோருவது கஷ்டம்.

ஆகவே நாளைக்கே திருச்சியில் ஓர் அச்சாபீஸ்காரர் புதிதாக ஒரு பரமபதப் படம் வரைவித்து, பெரிய கடை வீதியில் விற்கலாம். கப்பலேற்றி அமெரிக்காவுக்கும் அனுப்பலாம். ஒன்றே ஒன்று: அங்கே பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று பெட்டியின் மேல் 'சூட்ஸ் அண்ட் லாடர்ஸ்' என்று மட்டும் அச்சடித்துவிடக் கூடாது. மறு தபாலில் ஹாஸ்ப்ரோவின் வக்கீல் நோட்டீஸ் வந்து நிற்கும்.