செத்த வாட்சுக்கு என்ன விலை?

பேகம்பூர்ல சவூதி, துபாய் போய் வந்தவங்க வீட்டு பீரோவைத் திறந்தா நகைப் பெட்டிக்குப் பக்கத்துல நின்னுபோன வாட்ச் ஒண்ணு பெரும்பாலும் இருக்கும். அத்தா கட்டினது, மாமு கொண்டு வந்தது என்று ஒரு கதையும் கூடவே இருக்கும். 1991-க்கு முன்னால் வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. கடையில் வாங்கணும்னா பெரும்பாலும் எச்எம்டி. சீக்கோ, சிட்டிசன் வேணும்னா சபுராளி யாராவது ஊருக்கு வரும்போது கொண்டு வரணும், இல்லைன்னா சென்னை பர்மா பஜாருக்குப் போகணும். அப்படி வந்த வாட்சுகளில் மூணு சின்ன வட்டமும் பக்கவாட்டில் பட்டன்களும் உள்ள குவார்ட்ஸ் குரோனோகிராஃப்கள் பற்றித்தான் இந்தக் குறிப்பு. குரோனோகிராஃப் என்றால் வேறொண்ணும் இல்லை, உள்ளேயே ஸ்டாப்வாட்ச் இருக்கிற கைக்கடிகாரம்.

இதுக்கு விலை எப்படிப் போடறது? சேகரிப்பாளர்கள் பல வருஷமா இந்தப் பக்கமே திரும்பவில்லை. சாவி கொடுக்கிற வாட்சுன்னா மதிப்பு, பேட்டரி வாட்சுன்னா பிளாஸ்டிக் பொம்மை என்பது அவங்க எண்ணம். ஆரம்பத்தில் நிலைமை நேர் எதிர். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ வெளியிட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான ஆஸ்ட்ரான் விலை 4,50,000 யென், அன்னிக்கு ஜப்பானில் ஒரு சின்ன கார் வாங்குகிற காசு. இன்னிக்கு இருக்கிற பெரும்பாலான குவார்ட்ஸ் வாட்சுகளில் உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். இது 2-இன் 15-ஆவது அடுக்கு. அதனால 15 தடவை பாதியாக்கினா நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரைத் தள்ளும், மோட்டார் முள்ளைத் தள்ளும். பைனரி படிச்ச எவனுக்கும் இதைப் பார்த்தா ஒரு சந்தோஷம் வரும்.

அப்புறம் சில்லு மலிவானது, வாட்சும் மலிவானது. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூர் தொழிற்சாலையில் குவார்ட்ஸ் மேல் பந்தயம் கட்டினாங்க. அது ஜெயித்த கதை நமக்குத் தெரியும். விலை இறங்கின பொருளுக்கு மரியாதையும் இறங்கும் இல்லையா, அதுதான் இங்கேயும் நடந்தது.

ஆனா எல்லா குவார்ட்ஸும் ஒரே ஜாதி இல்லை. 1983-ல் சீக்கோ 7ஏ28 என்ற மெஷினை வெளியிட்டது. முள் வைத்த குவார்ட்ஸ் குரோனோகிராஃப்களில் முதலாவதாக இதைத்தான் சொல்வாங்க. 15 கல், உலோகப் பற்சக்கரங்கள், பிரித்து எண்ணெய் விட்டு மறுபடி பூட்டக்கூடிய அமைப்பு. 1986-ல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தில் சிகோர்னி வீவர் கையில் இருப்பது இந்த மெஷின் போட்ட வாட்சுதான். வடிவமைத்தவர் கார் வடிவமைப்பில் பேர் வாங்கிய ஜியுஜாரோ. பிரிட்டன் விமானப்படைக்கும் 7ஏ28 போயிருக்கு. இதே மெஷினில் கிழமையும் தேதியும் சேர்ந்த வடிவம் 7ஏ38. பின்னாடி வந்த பல மலிவு மெஷின்கள் ரிப்பேர் பண்ணுறதுக்காகச் செய்யப்பட்டதே இல்லை, போச்சுன்னா மொத்தமா மாத்தணும். முகப்பை மட்டும் பார்த்தா இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் பின்மூடியில் இருக்கிற எண்ணில்.

போன வருஷம் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் இரண்டு வாட்சைக் கொண்டு வந்தான். இரண்டும் அவன் அத்தா சவூதியிலிருந்து கொண்டு வந்தது, இரண்டும் ஓடலை. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், கையில் கொஞ்சம் குறையுது. ஒரு கடையில் இரண்டுக்கும் சேர்த்து 1,500 ரூபாய்க்குக் கேட்டிருக்காங்க. “கொடுத்துடலாமாடா? நீ கம்ப்யூட்டர்ல பார்த்து ஒரு விலை சொல்லு”ன்னான். தங்க நிறத்தில் மின்னினதை அவங்க வீட்டில் துணி சுத்தி வெச்சிருந்தாங்க. அவன் அம்மா, “தம்பி, அந்தத் தங்க வாட்சை மட்டும் பார்த்துக் கொடுங்கப்பா, அது அவர் ஆசையா வாங்கினது”ன்னு போன்ல சொன்னாங்க. வெறும் எஃகு நிறத்தில் இருந்த இன்னொண்ணு பிளாஸ்டிக் டப்பாவில் ஊசி நூலோட கிடந்தது.

தங்க நிறம் என்பது முலாம், கனம் மைக்ரான் கணக்கு. அதைச் சுரண்டி எடுக்கிற செலவுக்கே கட்டுப்படியாகாது. உள்ளே இருந்தது சாதாரண மெஷின். எஃகு வாட்சின் பின்மூடியில் 7ஏ38 என்று ஆரம்பித்தது எண். சீக்கோவின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 1 முதல் 9 வரை ஜனவரியிலிருந்து செப்டம்பர், அப்புறம் ஓ, என், டி. இதில் 5, அடுத்து என். மெஷினே எண்பதுகளில் வந்தது என்பதால் 1975 சாத்தியமில்லை. ஆக 1985 நவம்பர். கிழமைச் சக்கரத்தில் ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் அரபி. அத்தா எங்கிருந்து வாங்கினார் என்பதற்கு அதைவிட ரசீது வேணுமா?

இப்ப விலைக்கு வருவோம். இணையத்தில் ஒருத்தர் ‘கேட்கிற’ விலையை நான் கணக்கிலேயே எடுத்துக்கிறதில்லை. யாரும் எதையும் கேட்கலாம். ‘விற்று முடிந்த’ பட்டியலை மட்டும் பார்க்கணும். அதே மெஷின் எண், அதே கூடு எண், அதே நிலையில் இருக்கிற வாட்ச் நாலஞ்சாவது கிடைச்சா, அதில் நடுவில் இருக்கிற விலையை எடுத்துக்கலாம். ஆனா அது ஓடுகிற வாட்சோட விலை. செத்த வாட்சுக்கு?

திண்டுக்கல்காரங்களுக்கு இதைப் பூட்டை வைத்துச் சொல்லலாம். கையால் செய்கிற மாங்காய்ப் பூட்டில் லீவர் ஒண்ணு தேய்ந்துபோனா, பட்டறைக்காரர் தகடு வெட்டி, அரம் போட்டு இன்னொண்ணு செஞ்சிடுவார். 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சதே அந்தக் கைவேலைக்குத்தான். சாவி வாட்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். குவார்ட்ஸில் சர்க்யூட் போச்சுன்னா யாராலும் அரம் போட்டுச் செய்ய முடியாது. கம்பெனி உதிரி நிறுத்தி வருஷக்கணக்காச்சு. ஒரே வழி, அதே மெஷின் உள்ள இன்னொரு செத்த வாட்சை வாங்கி அதிலிருந்து கழற்றிப் போடுவது. அந்த உதிரி வாட்சைச் சேகரிப்பாளர்கள் டோனர் என்பாங்க. அதனால செத்த குவார்ட்ஸ் குரோனோகிராஃபின் விலையைத் தீர்மானிப்பது அதன் அழகும் இல்லை, வயசும் இல்லை. டோனர் என்ன விலை, சரியாகிற வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டும்தான்.

எண்களை உதாரணத்துக்கு வெச்சுப் பார்ப்போம். ஓடினா 20,000 ரூபாய் போகும். டோனர் 6,000, கூலி 1,500, ஆக செலவு 7,500. சரியாகிற வாய்ப்பு 70 சதவீதம். சரியாகலைன்னா உதிரியா 5,000-க்குப் போகும். 20,000-இல் 70 சதவீதம் 14,000, 5,000-இல் 30 சதவீதம் 1,500. கூட்டி, செலவைக் கழித்தால் 8,000. வாங்குகிறவன் அதுக்கு மேல் கொடுத்தா சூதாடுறான், விற்கிறவன் அதுக்கு ரொம்பக் கீழே கொடுத்தா ஏமாறுறான். (டோனரில் மிச்சமிருக்கும் பாகங்களுக்கும் ஒரு விலை உண்டு. அதை விட்டுட்டேன், கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமாகவே இருக்கட்டும்.)

இந்தக் கணக்கில் எனக்குப் பிடிச்ச இடம் அந்த 70 சதவீதம், ஏன்னா அதை ஐந்து நிமிஷத்தில் மாத்தலாம். பேட்டரியை எடுத்துட்டு, மோட்டார் காயிலின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து மின்தடை பார்க்கணும். கிலோஓம் கணக்கில் எண் காட்டினா காயில் உயிரோட இருக்கு. ஒண்ணுமே காட்டலைன்னா கம்பி அறுந்திருக்கு. முடியைவிட மெல்லிய கம்பி அது, பேட்டரி மாத்தும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கினாலே போதும். எல்லாக் காயிலும் நல்லா இருந்தா வாய்ப்பை 90 சதவீதம்னு வைக்கலாம். அப்ப அதே கணக்கு 11,000-ல் வந்து நிற்கும். ஒரு அளவுக்கு 3,000 ரூபாய்!

நண்பனோட வாட்சில் காயில்கள் எல்லாம் நல்லா இருந்தன. பேட்டரி கசிந்து தொடுமுனையில் உப்பு படிந்திருந்தது. மணிக்கூண்டு பக்கம் இருக்கிற ஒரு பெரியவர் அதைச் சுத்தம் பண்ணி, பிரித்து எண்ணெய் விட்டார். டோனர் தேவைப்படலை. வாட்ச் ஓடிச்சு, ஸ்டாப்வாட்ச் முள் ஒண்ணு மட்டும் பூஜ்யத்துக்கு வரவில்லை. பெரும்பாலான குவார்ட்ஸ் குரோனோகிராஃப்களில் இது ரிப்பேரே இல்லை. கிரௌனை வெளியே இழுத்துட்டு பட்டனை அழுத்தினா முள் நகர்ந்து சரியாகிவிடும். இது தெரியாம ‘பழுது’ன்னு போட்டு அடிமாட்டு விலைக்கு விற்கிறவங்க இன்னும் இருக்காங்க. இவனுக்கும் அழுத்தினதும் வந்துடுச்சு.

பாலிஷ் போடலாமான்னு கேட்டான். வேண்டவே வேண்டாம்னேன். கூட்டின் விளிம்புகள் மழுங்கினா விலை இறங்கும், கீறல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். உண்மையான நிலையை எழுதி, பின்மூடிப் படமும் மெஷின் படமும் போட்டோம். பெங்களூர்க்காரர் ஒருத்தர் 16,500-க்கு வாங்கிக்கிட்டார். பெரியவர் கூலி 1,200 போக மிச்சம் ஃபீஸுக்குப் போச்சு. தங்க வாட்சில் புது பேட்டரி போட்டதுமே ஓடிச்சு. அதை அவன் அம்மாவே வெச்சுக்கிட்டாங்க, அவங்களுக்கு அதுதான் வேணும்.

உங்க வீட்டில் இப்படி ஒண்ணு இருந்தா, விற்கிறீங்களோ இல்லையோ, முதல்ல உள்ளே செத்துக் கிடக்கிற பேட்டரியை வெளியே எடுத்துடுங்க. கசிவு கார வகை, தொடுமுனையோட நிற்காது, காயில் வரைக்கும் அரிச்சுட்டுப் போகும். புதுசு போடும்போது எஸ்ஆர்-ல ஆரம்பிக்கிற சில்வர் ஆக்ஸைடு பேட்டரியா கேட்டு வாங்குங்க. 7ஏ28-க்கும் 7ஏ38-க்கும் எஸ்ஆர் 936. அதே அளவில் எல்ஆர் 936-ன்னு மலிவா ஒண்ணு கிடைக்கும், கடையில் கேட்காம அதைத்தான் போடுவாங்க. சில்வர் ஆக்ஸைடு கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட 1.55 வோல்ட்டில் நிற்கும், எல்ஆர் நாளாக நாளாக இறங்கிக்கிட்டே போகும். வினாடி முள் இரண்டிரண்டு நொடியா தாவ ஆரம்பிச்சா பல வாட்சுகளில் பேட்டரி தீரப்போகுதுன்னு அர்த்தம். அப்பவே மாத்திடுங்க.