'வாங்க' கேட்காத பிள்ளை

செட்டிநாட்டு விசேஷ வீடுகளில் வந்தவர்களை 'வாங்க' என்று கேட்காமல் விட்டால் அது பெருங்குறை. முகப்பில் நிற்கும் பிள்ளை ஆச்சியின் முகத்தைப் பாராமல் தூணையே பார்த்துக்கொண்டிருந்தால், வளர்ப்பு சரியில்லை என்பார்கள். ஆட்டிசம் என்று தெரிந்தாலோ, 'அதுக்குப் பாசம் தெரியாது, பாவம்' என்பார்கள். முதல் பேச்சைவிட இந்த இரக்கம்தான் அதிகக் கெடுதல் செய்கிறது என்பேன். ஏனென்றால் அது உண்மையல்ல.

ஆட்டிசம் உள்ளவர்கள் திரைப்படக் காட்சியில் கண்களைவிட வாயையும் பொருள்களையும் அதிகம் பார்க்கிறார்கள் என்று 2002இல் அமெரிக்காவில் ஆமி கிளினின் குழு காட்டியது. பார்க்காததால் உணர்வும் இல்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் 2017இல் நுஷின் ஹாஜிகானியின் குழு, ஆட்டிசம் உள்ளவர்களைக் கண்களை மட்டுமே பார்க்கச் செய்தபோது அவர்களின் மூளையில் உணர்வு சார்ந்த ஆழ்பகுதிகள் அளவுமீறிக் கிளர்வதைக் கண்டது. பார்வை விலகுவது அந்தக் கொதிப்பிலிருந்து தப்பிக்க என்று கொள்ள இடமிருக்கிறது. முகக்குறிப்பு பிடிபடாததற்கு ஆட்டிசமே காரணமென்றும் சொல்லிவிட முடியாது. தன் உணர்வையே இன்னதென்று இனம்காண முடியாத தன்மை ஒன்று உண்டு. ஆட்டிசம் இல்லாதவர்களிடமும் அது இருக்கும். அந்தத் தன்மையே குறிப்பறிதலைக் குறைக்கிறது என்று 2013இல் ரிச்சர்ட் குக், ஜெஃப் பேர்ட் குழுவினர் காட்டினார்கள்.

புரியாமை இருபக்கமும் உண்டு என்று 2012இல் எழுதிய டேமியன் மில்டன், தாமே ஆட்டிசம் உள்ளவர். 2020இல் வெளியான கேத்தரின் கிராம்ப்டனின் ஆய்வில், ஒரு கதையை எட்டுப் பேர் வரிசையாக ஒருவருக்கொருவர் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவு தங்கியது. கலந்து நின்றபோதுதான் அதிகம் சிதைந்தது.

'நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா, முகம் பார்த்துப் பேசப் பழக்கத்தானே வேண்டும்?' என்ற பெற்றோரின் கேள்வி நியாயமானது. நம் நாட்டில் ஆட்டிசத்தை மதிப்பிடும் ஐசா அளவுகோலின் நாற்பது கூறுகளில் முதலாவதே கண்பார்த்துப் பேசாமைதான். ஆனால் அது இனம்காண உதவும் அடையாளம். திருத்தியே ஆகவேண்டிய குற்றமல்ல. மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினால், சொல்வதைக் கேட்கச் செலவாக வேண்டிய கவனமெல்லாம் பார்வையைத் தாங்குவதிலேயே போய்விடும். கிராம்ப்டனின் ஆய்வில் இருந்தவர்கள் பேசத் தெரிந்த பெரியவர்கள். பேச்சு வராத பிள்ளைக்கு அது அப்படியே பொருந்தாது என்பதும் சரி. அந்தப் பிள்ளை விஷயத்தில் நம் பங்கு இன்னும் கூடுகிறது. அது காதைப் பொத்துவதையும் கைகளை உதறுவதையும் படிக்க வீட்டார் பழக வேண்டும். முறைத்துப் பார்ப்பதை விட்டு, 'அப்பத்தாவுக்குக் கோபம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி படித்து வெளிவரும் ஆசிரியர்கள், பிள்ளைக்கு நடத்தும் வகுப்போடு அந்த வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று நடத்தலாம்.